விளிம்பில் முடியும் கீறல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பம்பர், பக்கக் கண்ணாடிகள், ஒரு ஹெட்லைட். எல்லாவற்றையும் துடைத்து, படம் எடுத்து, இணையத்தில் விளம்பரம் போட்டாயிற்று. பம்பரைப் பற்றி எழுதி முடித்தபோது தம்பி பின்னால் வந்து நின்று படித்தான். அவன் பெருமூச்சிலேயே தெரிந்துவிட்டது, பிடிக்கவில்லை என்று.

"அக்கா, 'அடிப்பக்கம் விரல் நீள விரிசல்'னு போட்டா எவன் வாங்குவான்?"

"விரிசல் இருக்குல்ல?"

"இருக்கு. அதை அவன் வந்து பாத்துக்கட்டும். நீ ஏன் தண்டோரா போடுற?"

பாதி வாழ்க்கையைச் சலவைக்கடை மேசையில் கழித்தவள் நான். துணியை வாங்கும்போதே கறை எங்கே, கிழிசல் எங்கே, எந்தப் பொத்தான் இல்லை என்று சீட்டில் எழுதி, கொடுத்தவரிடம் காட்டித்தான் உள்ளே அனுப்புவோம். இல்லையென்றால் "நான் குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். அந்தக் கடையை மூடியதும் தம்பியின் இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்தேன். இங்கே துணிக்குப் பதில் பிக்கப் வண்டிகளின் பழைய பாகங்கள். எனக்கு என்ன வித்தியாசம்? அழுக்கு அழுக்குதான்.

நான் எழுதி விற்ற பொருள் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மார்ச் 8, ஞாயிறு

சிரிப்பு வந்தான். அது அவன் பெயர் இல்லை, தம்பியும் நானும் வைத்தது. வாயைத் திறந்தாலும் சிரிப்பு, மூடினாலும் சிரிப்பு. மூடிய வேனில் பின்சந்து வழியாக வருவான், சரக்கை இறக்குவான், பணத்தை வாங்கிக்கொண்டு போவான். எங்கள் கடைக்கு முன்வாசல் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்று ஒரு வெள்ளைப் பின்கதவு, பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்ற இறக்கத் திறப்பார்களே, அது. கூடவே கொஞ்சம் விளக்குகளும் ஒரு ஸ்டெப்னியும்.

"எல்லாம் தூரத்துச் சரக்குக்கா. ஆக்சிடென்ட் ஆன வண்டி. நல்லதா பாத்துப் பிரிச்சது" என்றான். எந்த வண்டி என்று கேட்க வாயெடுத்தேன். தம்பி பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கினேன்.

அவன் போன பிறகு தம்பி சொன்னான்: "கேள்வி கேட்டா சரக்கு வராதுக்கா. இந்தத் தொழிலே அப்படித்தான்."

இவன் கை வைத்த வேறு எந்தத் தொழிலும் நிலைக்கவில்லை. செல்போன் உறைக் கடை வைத்தான், கூரியர் ஏஜென்சி எடுத்தான், வைத்த வேகத்தில் இழுத்து மூடினான். இது ஒன்றுதான் நிற்கிறது. காலையில் விசிலடித்தபடி ஷட்டரைத் தூக்குகிறான். எனக்கென்று இருக்கும் கூடப்பிறப்பு இவன் ஒருவன்தான். அவன் வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறேன். அந்த விசிலைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

பின்கதவைக் கழுவினேன். உட்பக்கம் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். நகத்தால் சுரண்டினால் வழுக்குகிறது. மெழுகு! துணியில் மெழுகு பட்டால் மேலே காகிதம் வைத்து இஸ்திரி போடுவோம். கதவுக்கு எங்கே இஸ்திரி போடுவது? வெந்நீர் ஊற்றித் துடைத்தே எடுத்தேன். முதுகு போய்விட்டது. யாரோ புண்ணியவான் வண்டி நிறைய மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்.

எழுதிய விளம்பரம் எனக்கே திருப்தியாக இருந்தது. "வெள்ளைப் பின்கதவு. வலது ஓரத்தில் கை நீளக் கீறல், சரிந்து இறங்கி விளிம்பில் முடிகிறது. மூடும்போது இடது மூலை இறுகும். உட்பக்கம் மெழுகுக் கறை இருந்தது, நீக்கப்பட்டது."

தம்பி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

மார்ச் 14, சனி

பின்கதவுக்கு ஆள் வந்தாயிற்று. போனில் ஒரு பெரியவர். விளம்பரத்தில் எழுதியிருந்ததற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமை வண்டியோட வர்றேன், மாட்டிக் குடுத்துடுங்க" என்றார். பார்த்தாயா தம்பி, என் தண்டோராவை!

மார்ச் 17, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வந்தவர் தேனீ வளர்ப்பவர். ஒல்லி, வெள்ளை மீசை. எதுவோ கொட்டி ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பின்கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். தம்பி கயிற்றை அவிழ்க்கும்போது அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூ எங்க இருக்கோ அங்க பெட்டிகளை ஏத்திக்கிட்டுப் போறதுதான் எங்க வேலை. போன மாசம் ரொம்ப தூரத்துல ஒரு தோட்டத்துல இருந்தோம். காலைல எழுந்து பாத்தா வண்டி இருக்கு, கதவைக் காணோம். பலகையக் கட்டி ஓட்டிக்கிட்டு வந்தேன். வழியில ஒரு பெட்டி நழுவி ரோட்டுல விழுந்துடுச்சு. ஒரு கூட்டமே போச்சும்மா. இப்ப வீட்டுப் பக்கத் தோட்டமெல்லாம் பூத்து நிக்குது, பெட்டியத் தூக்க பயமா இருக்கு."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மக்கு.

இருவரும் கதவைத் தூக்கிக் கொக்கியில் வைத்தார்கள். தம்பி, "அடிச்சுச் சாத்தாதீங்க, கொஞ்சம் இறுகும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் இடது மூலையில் இடுப்பால் ஒரு இடி இடித்தார். கிளிக். கதவு மூடிக்கொண்டது. பார்க்காமல், யோசிக்காமல் இடித்தார். நம் வீட்டு அலமாரிக் கதவை நாம் இடிப்போமே, அப்படி.

இடித்தவர் அப்படியே நின்றார். நான் கதவின் வலது ஓரத்தைப் பார்த்தேன்.

விளிம்பில் முடிகிறது என்று நான் எழுதிய கீறல் முடியவில்லை. அவர் வண்டியின் பின்விளக்குக்குக் கீழே இருந்த தகட்டில் அதே சரிவில், அதே அகலத்தில் தொடர்ந்து போனது. அதில் விட்டுப்போன துண்டு இந்தக் கதவுதான். மெழுகு — ஐயோ, மெழுகுவத்தி இல்லை, தேன்மெழுகு! அதை நான்தானே உட்கார்ந்து துடைத்தேன். அந்த மனுஷன் கதவை அவருக்கே வித்திருக்கோம்.

பெரியவர் பணம் கொடுத்தார். "விளம்பரம் எழுதினது நீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா கவனிச்சு எழுதியிருக்கீங்க." அவ்வளவுதான். போய்விட்டார்.

அவருக்குத் தெரியுமா? தெரியாதா? என்னால் ஏன் வாயைத் திறக்க முடியவில்லை? தம்பி பக்கத்தில் நின்றான், அதனால்தான். வேறென்ன.

மார்ச் 18, புதன்

தம்பியிடம் சொன்னேன். கடையைத் திறப்பதற்கு முன்பே, பல் விளக்கிக்கொண்டிருந்தவனை நிறுத்திச் சொன்னேன்.

"வெள்ளை வண்டிக்கு வெள்ளைக் கதவு. ஊர்ல எல்லா வண்டியிலயும் கீறல் இருக்குக்கா."

"பாதிக் கீறல் இங்க, மீதிக் கீறல் அங்கயா?"

"உனக்கு எல்லாத்துலயும் கறைதான் தெரியும்."

"சரி, எதுவும் தெரியாதுன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லு, விட்டுடறேன்."

வாயில் நுரையோடு நின்றான். துப்பினான். முகத்தைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன். போதுமா?"

போதாதுடா. எப்படிப் போதும்?

இனி விளம்பரம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதாதே என்றான்.

மார்ச் 19, வியாழன்

ஷட்டர் தூக்கும் சத்தம் மட்டும் கேட்டது. விசில் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

சிரிப்பு வந்தான். நான் சந்துக்கே இறங்கிப் போய் வேன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"இந்த விளக்கு எந்த வண்டியோடது?"

"என்னக்கா புதுசா!" என்று சிரித்தான்.

"பழைய கேள்விதான். இன்னைக்குத்தான் கேக்கறேன்."

அவன் வாய் மூடியதை முதல்முறையாகப் பார்த்தேன். சிரிப்பில்லாத அந்த முகம் யாரோ ஒருவன் முகமாக இருந்தது. தம்பியைப் பார்த்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றான். தம்பி சரக்கை இறக்கி உள்ளே வைத்தான்.

ஆம், இறக்கித்தான் வைத்தான். என் எதிரிலேயே. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

தம்பியே விளம்பரம் எழுத ஆரம்பித்திருக்கிறான். இன்று பார்த்தேன். "சூப்பர் விளக்கு!! சூப்பர் கண்டிஷன்!! உடனே அழைக்கவும்!!" படம் எடுத்த லட்சணம் அதைவிட மோசம், விளக்கைவிட அவன் கட்டைவிரல்தான் பளிச்சென்று விழுந்திருக்கிறது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் எங்கே போய் வைப்பது? தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

சிரித்து முடித்தபின் இன்னும் துக்கமாக இருந்தது. விற்கவில்லை என்றால் கடை போகும். விற்றால் தம்பி போவான். எனக்குக் கடை போனால் போகட்டும், இவன் வேண்டும். இரண்டாம் வகுப்பில் அடுத்தவன் பென்சிலை எடுத்து வந்துவிட்டு, சாப்பிடாமல் அழுது, தானே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் இவன். அந்தப் பையன் எங்கேயும் போயிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது சரியா?

மார்ச் 28, சனி

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். தம்பி மனைவி மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கத்துவாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அண்ணி, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே ஏதோ இருக்குன்னு தெரியும். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறார்."

சாப்பிடும்போது அவனிடம் பேசினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் பேசுவதுபோல நிதானமாக.

"என் வகுப்புல இருக்கறதெல்லாம் நாலு வயசுப் பிள்ளைங்க. தினமும் அதுங்களுக்குச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். யாரோடதுன்னு கேட்டுட்டு எடு. திங்கக்கிழமை நான் போய் அதுங்க முகத்தைப் பாத்து அதைச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு நீங்களே சொல்லிக்குடுங்க."

தம்பி தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சோறு அப்படியே இருந்தது. நான் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

தேன்காரரிடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். விலாசத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவன் வண்டியைக் கிளப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறான். முன்னிருக்கையில் ஒரு உறை, அவர் கொடுத்த பணம்.

"ஏறு" என்றான்.

பாதி வழியில், "அவர் போலீசக் கூப்பிட்டா நீ நடுவுல பேசாத" என்றான். சரி என்றேன்.

தோட்டத்து ஓரத்தில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. காற்றே ரீங்காரமிட்டது. பெரியவர் முகவலையைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். தம்பி வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய், "ஐயா, அது உங்க கதவுதான். திருட்டுச் சரக்கு. நான் கேக்காம வாங்கினேன்" என்றான். உறையை நீட்டினான். எனக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பெரியவர் கையுறையைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"இடுப்புக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சு தம்பி. மண்டைக்கு வீட்டுக்குப் போன அப்புறம்தான் ஏறுச்சு."

"பின்ன ஏன் போலீசுக்குப் போகல?" இது நான். பேச மாட்டேன் என்று சொன்னவள்.

"போறதாத்தான் இருந்தேன். ஆனா விளம்பரத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். கீறல், மெழுகு, இறுகுற மூலை, எல்லாம் போட்டிருக்கு. திருடன் இவ்வளவு ஒழுங்காவா குறை எழுதுவான்? இதுல யாரோ ஒருத்தர் நேர்மையான ஆள் இருக்கணும்னு தோணுச்சு. பூ முடியறவரைக்கும் பாக்கலாம்னு பொறுத்தேன்."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவர் மன்னித்துவிட்டதாகவெல்லாம் சொல்லவில்லை. "செத்துப்போன கூட்டத்துக்கு நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார். "அதை யோசி. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நீயே போ. நான் இழுத்துக்கிட்டுப் போனா அது வேற கதை" என்றார்.

திரும்பும்போது தம்பியின் காதில் ஒரு தேனீ கொட்டியிருந்தது. காது பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

காவல் நிலையம். தம்பி எல்லாவற்றையும் சொன்னான்: சிரிப்பின் போன் நம்பர், வேனின் நிறம், வரும் கிழமை, பின்சந்து. எழுதிக்கொண்ட பெண் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் கேட்டார்: "இவ்வளவு விவரம் தெரியுது. சரக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரியலையா?"

தம்பி தலை குனிந்தான். அந்தக் கேள்வியை இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ.

ஏப்ரல் 5, ஞாயிறு

சிரிப்பைப் பின்சந்தில் பிடித்துவிட்டார்கள். அவன் ஓடவில்லை. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஜீப்பில் ஏறும்போதுகூடப் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் நானும் தெரியாததுபோல இருப்பவள் ஆகியிருப்பேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கடைக்குச் சீல். சரக்கு மொத்தமும் லாரியில் போனது. நல்ல வழியில் வாங்கியது எது, மற்றது எது என்று தம்பியாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதிர்க்கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார். குடிக்கட்டும். டீச்சர் பள்ளிக்கூடம் போய்வந்தாள். "இன்னைக்குச் சொன்னேன் அண்ணி, எப்பவும் போல" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வக்கீல் கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தார். "'திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கினேன்'. இது போதும், கேஸ் நிக்காது."

"அப்படி எழுதாதீங்க சார்" என்றான் தம்பி. "'தெரிஞ்சுக்காம வாங்கினேன்'னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணாப்பா? இது உன்னை மாட்டிவிடும்."

"மாட்டிவிட்டா விடட்டும் சார். அதுதான் நடந்துச்சு."

வக்கீல் என்னைப் பார்த்தார், புத்தி சொல்லுங்கள் என்பதுபோல. இவனை உள்ளே வைத்துவிட்டால்? இருந்தாலும் சொல்லவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்த பையன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை, மனமும் இல்லை.

மே 6, புதன்

காவல் நிலையத்திலிருந்து போன். எனக்கு! பயந்துகொண்டே போனேன். அந்தப் பெண் அதிகாரி பின்பக்க முற்றத்துக்கு அழைத்துப்போனார். எங்கள் கடையில் எடுத்தது, சிரிப்பின் கிடங்கில் எடுத்தது, எல்லாம் வெயிலில் குவிந்து கிடந்தன. கதவுகள், விளக்குகள், கண்ணாடிகள்.

"பறிகுடுத்தவங்க வர்றாங்க. எல்லாரும் 'வெள்ளைக் கதவு'ங்கறாங்க. இங்க இருக்கறது பூரா வெள்ளைக் கதவு. எதை யாருக்குக் குடுக்கறது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தேன்காரர் உங்க விளம்பரத்தைக் காட்டினார். அதே மாதிரி இதையெல்லாம் எழுதித் தர முடியுமா?" என்றார்.

வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டேன். "கழுவிடாதீங்கம்மா, அழுக்குலதான் அடையாளம் இருக்கு" என்றார். அது சரி. மெழுகில் பட்ட பாடு போதாதா எனக்கு?

மே 8, வெள்ளி

வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். குடை பிடிக்க ஆள் வேண்டாமா என்று தம்பி கேட்டான். வந்தான். குடையோடு நிற்காமல் குனிந்து பார்த்து, "அக்கா, இந்தக் கொக்கி ஒருத்தர் கையால வளைச்சது, பட்டறை வேலை இல்ல. இதைப் போடு" என்றான். எனக்குக் கறைதான் தெரியும். இரும்பு அவனுக்குத் தெரியும். நாங்கள் சண்டையில்லாமல் செய்த முதல் வேலை இதுதான்.

மே 19, செவ்வாய்

காவல் நிலையம் எங்கள் குறிப்புகளைப் படங்களோடு இணையத்தில் போட்டிருக்கிறது. தலைப்பில் பெரிதாக: விற்பனைக்கு அல்ல. உங்களுடையதா என்று வந்து பாருங்கள்.

இன்று ஒரு பெயின்டர் வந்தார். பக்கக் கண்ணாடி ஒன்றைப் பற்றி "உறையின் அடியில் குழந்தை கைரேகைபோல நீலச் சாயம்" என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை வாங்கித் திருப்பி அந்த நீலத்தைப் பார்த்தார். "என் பொண்ணு கைம்மா இது. அவ நடக்க ஆரம்பிச்சப்ப வச்சது. இப்ப அவ எனக்குச் சமமா நிக்கறா" என்றார். புதுக் கண்ணாடியே வாங்கி மாட்டிவிட்டாராம், இருந்தாலும் இதைக் கழுத்துக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார்.

தம்பி ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டான். வீட்டுக்கு வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். தூசி என்றான். ஆமாம், தூசிதான்.

ஜூன் 12, வெள்ளி

தீர்ப்பு. சிரிப்புக்குச் சிறை. தம்பிக்கு அபராதம், கண்டிப்பு, நன்னடத்தைக் காலம். தானாக வந்து சொன்னதையும், பொருள்களை உரியவர்களிடம் சேர்க்க உழைத்ததையும் நீதிபதி குறிப்பிட்டார். டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது. அழியக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் தம்பி எங்கள் கூட வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் முகம் முழுக்கக் கொட்டுகளோடு வந்தான். பூ இருக்கும் மட்டும் வாரம் ஒரு நாள் தேன்காரருக்குப் பெட்டி தூக்கிக் கொடுப்பானாம். செத்துப்போன கூட்டத்துக்கு அவன் யோசித்த பதில் அது. கண்ணே தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். டீச்சர் ஐஸ் வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள்.

ஜூலை 6, திங்கள்

கடை திறந்தோம். அலமாரிகள் காலி, பேசினால் எதிரொலிக்கிறது. பின்சந்துக் கதவைத் தம்பி உள்பக்கம் தகரம் வைத்து அடித்துவிட்டான். இனி எது வந்தாலும் முன்வாசல்தான்.

பத்து மணிவாக்கில் ஒருவன் கோணியில் சுற்றிய ஹெட்லைட்டோடு வந்தான். நல்ல சரக்கு, தூரத்திலிருந்தே தெரிந்தது. தம்பி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது யாரு வண்டியோடது?"

அவன் கோணியை மறுபடி சுற்றிக்கொண்டு போனான். அப்புறம் யாரும் வரவில்லை. தம்பி காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கேள்வி கேட்டால் சரக்கு வராது என்று அவன் சொன்னது பொய்யில்லைதான்.

ஜூலை 7, செவ்வாய்

யாரும் வரவில்லை.

ஜூலை 8, புதன்

யாரும் வரவில்லை. டீச்சர் சாயங்காலம் கடைக்கே வந்து எங்களோடு உட்கார்ந்து அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினாள். அலமாரியில் அவள் நோட்டுகளாவது இருந்தன.

ஜூலை 9, வியாழன்

ஒரு பெண், நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், கட்டியிழுத்துக்கொண்டு ஒரு பிக்கப்பையே முன்வாசலில் நிறுத்தினார். எஞ்சின் செத்த வண்டி. தேன்காரர் அனுப்பினாராம். "அந்தக் கடைக்குப் போங்க, அவங்க கேள்வி கேப்பாங்கன்னு சொன்னார். அதான் எல்லாக் காகிதமும் கொண்டுவந்தேன்" என்றார்.

தம்பி காகிதத்தை எல்லாம் பார்த்தான். பார்த்துவிட்டும் கேட்டான்: "யாரு ஓட்டினது? எங்கெல்லாம் போச்சு?" அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். முதல் லோடு ஏற்றியது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் போனது, மகள் கல்யாணத்துக்குப் பூச்செடிகள் ஏற்றியது. தம்பி ஒவ்வொரு திருகாகக் கழற்றிக்கொண்டே கேட்டான். மத்தியானம் முழுக்க ஓடிவிட்டது. போகும்போது அவர் வண்டியின் பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நான் பம்பரைத் துடைத்துப் படம் எடுத்தேன். நெடுநாளைக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். தம்பி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், காலும் செருப்பும் மட்டும் வெளியே.

அடியிலிருந்து விசில் கேட்டது. சட்டென்று நின்றது.

"அக்கா, பம்பர்ல அடிப்பக்கம் ஒரு விரிசல் இருக்கும், பாத்தியா? மண்ணு மூடியிருக்கும், தெரியாது. விட்டுடாத, எழுதிடு."

விசில் மறுபடி ஆரம்பித்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். இருந்தது. எழுதினேன்.